இரைச்சல் நீக்கம்

முடிவிலிக் குறி பொய் சொல்லும்.
எங்கோ குளிர்நாட்டுத் தொழிற்சாலையில்
லென்ஸின் கழுத்தில் கீறியது அது.
மூக்கையூர் மணலில், வைகாசி வெக்கையில்
முடிவிலி கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுகிறது.

ஆட்டோஃபோகஸை அணைத்தேன்.
தெற்கே தேள்; அதன் நெஞ்சில் கேட்டை.
திரையில் பத்து மடங்கு பெருக்கினால்
வியர்வையில் கரைந்த குங்குமமாய் ஒரு பொட்டு.
வளையத்தை மயிரளவு திருப்பத் திருப்ப
சிறுத்தது, இன்னும் சிறுத்தது,
ஊசிமுனையானது,
பிறகு மறுபடி ஊதத் தொடங்கியது.
தாண்டாமல் எப்படித் தெரியும் எது முனையென்று?
திரும்பி வந்தேன்.
வளையம் நகராமல் டேப் ஒட்டினேன்.

பகலில் நான் சாயல்குடியில்
பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவன்.
வெள்ளைத் துணி, இரண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது.
கத்தாருக்குப் போகிற முகங்களில்
பருவைத் துடைப்பேன், தழும்பைத் துடைப்பேன்.
அங்க அடையாளம் என்று எழுதிக் கொடுத்திருந்த மச்சத்தையே
ஒருமுறை துடைத்துவிட்டேன்.

கச்சான் காற்று முக்காலியை உலுக்கியது.
சிமெண்ட் பையில் மணல் அள்ளி
நடுவில் கட்டித் தொங்கவிட்டேன்.
தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கிடக்க
அடிவானம் கறுத்திருந்தது,
தென்மேற்கே தூத்துக்குடியின் மஞ்சள் கறை தவிர.

பதிமூன்று நொடி. நாற்பது படம்.

"ஒரே வானத்தை எதுக்கு நாப்பது தடவை?"
வள்ளத்தின் நிழலில் இருந்து கேட்டது ஜெசிந்தா.
கையில் டார்ச். முந்தானையில் மூடிய செல்போன்.

இருட்டில் எடுத்தால் இரைச்சல் விழும் என்றேன்.
"சத்தமா? படத்துலயா?"
சத்தமில்லை, புள்ளி. மணலை இறைத்தாற்போல.
படத்துக்குப் படம் அது இடம் மாறும்.
மீன்மேல் மீன் பொருத்தி நாற்பதையும் அடுக்கினால்
நிலையில்லாதது அழிந்துபோகும், நிலைத்தது நிற்கும்.

"மீன்மேல மீன் அடுக்குனா நாறிப்போகும்.
ஊடால ஐஸ் போடணும்."

சிரித்து முடித்து,
டார்ச்சைக் கொஞ்சம் அணைக்க முடியுமா என்றேன்.
"முடியாது. நாட்டுப்படகுல போனவுக
இதைப் பாத்துத்தான் கரை புடிக்கணும்."
இரண்டாவது தடவை கேட்கவில்லை.
முக்காலியைத் தூக்கி மணல்மேட்டின் அந்தப்பக்கம் போனேன்.
கேட்டையைத் திரும்பவும் பிடித்தேன்.

இருபத்தேழாவது படம் ஓடும்போது
கடலில் ஒரு விளக்கு எழுந்து அமிழ்ந்தது.
மேட்டுக்கு இப்பால் அவள் வெளிச்சம்
மேலும் கீழும் அசைவது
மணல் நுனிகளில் தெரிந்தது.
யாரோ கூப்பிட்டார்கள். அலை அதை மூடிக்கொண்டது.

கடைசியாக, மூடியைப் போட்டுப் பத்து படம்.
எதையும் பார்க்காத கேமரா
தன் சூட்டில் தனக்குள் முணுமுணுப்பது.
வானத்திலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.
லென்ஸைத் தொட்டால் உப்புப் பிசுபிசுப்பு.

விடிந்து ஸ்டூடியோ கணினியில் அடுக்கினேன்.
கேட்டை, குத்தினால் ரத்தம் வரும் கூர்மை.
பால்வழியின் கருந்தூசி இழை இழையாக.
கீழே கடல்,
கழுவித் துடைத்த கறுப்பு.
விளக்கு இல்லை.
நாற்பதில் மூன்றில் மட்டும் இருந்ததை
இரைச்சல் என்று தீர்த்திருந்தது கணக்கு.

இருபத்தேழைத் தனியாகத் திறந்தேன்.
சிவப்பு, பச்சை, நீலம், எங்கும் பொடி.
அந்தப் பொடியில் எது விளக்கென்று
எனக்கே பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தாள்,
கிளாட்வினுக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க.
அவன் தலைசீவிக்கொண்டிருந்த நேரத்தில்
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
நகத்தில் ஒட்டிய செதிலோடு
விரல் நேரே போய் நின்றது.
"இந்தா. இவுகதான்."
பெருக்கிப் பார்த்தேன். ஆமாம்.

"இதைத் துடைக்காமக் குடுங்க," என்றாள்.
"பெரிய சைஸ் எவ்வளவு?"