ஒன்றரை மணி பாக்கி

தேராவில் எங்கள் டிராவல்ஸ் சுவரில்
நான்கு கடிகாரங்கள்.
மணிலா நின்று மாதம் இரண்டு.
பேட்டரி வாங்க ஒருவருக்கும் நேரமில்லை.

ஊர்களெல்லாம் எனக்கு மூன்றெழுத்து.
திருச்சியின் முடிவில் ஏன் இசட் வருகிறதென்று
இந்த நாற்காலியில் ஆறு வருடம் உட்கார்ந்தும் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிங்கராயர்,
கிரேன் ஆபரேட்டர், பத்தொன்பது வருடம்.
அடித்துக் கொடுத்த டிக்கெட்டைத்
தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து,
மறுபடி தூரப் பிடித்துப் படிக்கிறார்.

"இங்க ஏறுறது பதினொண்ணு நாப்பது.
அங்க எறங்குறது அஞ்சு பத்து.
அஞ்சரை மணி நேரம் வருதேம்மா,
நாலுன்னுல்ல போட்டிருக்கீங்க?"

நாளைக்கு இருபது முறை சொல்வதைச் சொன்னேன்:
தூரம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்,
பறப்பது நான்கு மணிதான்,
மிச்சம் ஒன்றரை
ஊர்க் கடிகாரம் முந்தி ஓடுவது.

"அத யாரு எடுத்துக்கிறா?"

யாருமில்லை என்றேன்.
என் பேனாவை வாங்கி
உறையின் முதுகில் எழுதினார்.
ஓவர்டைம் மணிக்குப் பதினொரு திர்ஹாம்.
ஒன்றரைக்குப் பதினாறரை.
"லீவுக்கு லீவு பிடிச்சிருக்கான், பாருங்க!"

வரிசையில் பின்னால் நின்றவர் இருமினார்.

வரும்போது திருப்பித் தந்துவிடுவார்கள் அண்ணே,
அங்கே ஒரு மணிக்கு ஏறினால்
இங்கே மூன்றரைக்கே இறங்கலாம்,
கணக்கு நேர்.

பேனா நின்றது.
ஒன்பது முறை போய்
ஒன்பது முறை வந்தவர்.
திருப்பித் தந்ததையெல்லாம்
கேம்ப் கேட் திறக்கும்வரை
பெட்டிமேல் உட்கார்ந்தே
செலவழித்திருக்கிறார்.
அது நினைவு வந்திருக்க வேண்டும்,
கொஞ்சம் சிரித்தார்.

அப்புறம்தான் நான் திரையைப் பார்த்தேன்.
ஒன்வே.
விசா கேன்சல்.
திரும்பும் தேதிக்கான கட்டம்
நான் விட்டபடியே காலியாக.

சொல்லியிருக்கக் கூடாது, கணக்கு நேரென்று.

"அப்ப இந்தத் தடவ பாக்கி," என்றார் அவரே.
பதினாறரையைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார்.
"நீங்க வச்சுக்குங்கம்மா."
டீக்கடையில் சில்லறையை விட்டுப் போவதுபோல
பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஏழுக்கு ஷட்டரை இறக்கினோம்.
ஷார்ஜாவுக்குப் பதினெட்டு கிலோமீட்டர்.
அல் இத்திஹாத் சாலை முழுக்க
பிரேக் விளக்குகளின் சிவப்பு.
பக்கத்துச் சீட்டுப் பெண்
மடியில் கோழி பார்சலோடு தூங்கிவிட்டாள்.
மேலே ஒரு விமானம்
சக்கரத்தை மடக்கிக்கொண்டு கிழக்கே சாய்ந்தது.
அவருடையது இல்லை,
அவருடையது வியாழக்கிழமை.
பஸ் ஒரு அடி நகர்ந்து
இன்னொரு அடிக்கு யோசித்தது.

ரோலாவில் இறங்கும்போது எட்டரை.
சிங்கராயர் விட்டுப்போனது
நிமிடம் மிச்சமில்லாமல் தீர்ந்திருந்தது.