நாலால் பெருக்கு

ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
உடற்கல்வி சார் மண்டலப் போட்டிக்குப் போய்விட்டதால்
உடல்நலப் பாடவேளை என் தலையில் விழுந்தது.
விலங்கியல் படித்த பொண்ணுதானே என்றார்கள்.

முதுகுளத்தூரில் ஏறி, சாயல்குடியில் இறங்கி,
மூக்கையூர்ப் பேருந்துக்கு நின்ற என் கையில்
சுருட்டிய சார்ட்டு.
ராத்திரி பூராவும் தம்பி வரைந்த இதயம்.
சிவப்பு தீர்ந்துபோய் ஒரு பக்கம் மட்டும்
கத்தரிக்காய் நிறம்.

ஒட்டிய இடத்தில் அது நிற்கவில்லை.
கடலைப் பார்த்த ஜன்னல்; உப்புக் காற்றுக்கு
செலோடேப் ஒரு பொருட்டே இல்லை.
விழும்போதெல்லாம் எவனோ ஒருவன்
"ஹார்ட் அட்டாக்" என்றான்.
கடைசி பெஞ்சில் அமலோற்பவம் டீச்சர்,
மடியில் உற்றுநோக்கல் பதிவேடு,
மூடி திறந்த பேனா.

கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல் வையுங்கள்.
பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள்.
சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்றது.
நாற்பத்தோரு பேருக்கும் என் கைக்கடிகாரம்தான்.
எழுபத்திரண்டு என்று பலகையில் எழுதி
பெட்டியும் கட்டியிருந்தேன்.

ரெமிஜியஸ் நாற்பத்தெட்டு என்றான்.
தப்பா எண்ணியிருப்ப என்றேன்.
மறுபடி எண்ணினான். நாற்பத்தெட்டு.
நானே போய்ப் பிடித்துப் பார்த்தேன்.
அவசரமே தெரியாத நாடி. ஒவ்வொன்றும்
சாயல்குடிப் பேருந்து மாதிரி
காக்கவைத்து வந்தது.
"சனி ஞாயிறு சங்கு குளிக்கப் போறான் டீச்சர்,
அப்பிடித்தான் இருக்கும்" என்றது நடு பெஞ்சு.
கட்டிய பெட்டியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஒங்களுக்கு எம்புட்டு டீச்சர்?"

முதல் பெஞ்சு டெல்ஃபின் என் கையைப் பிடித்தாள்.
வகுப்பே மூச்சைப் பிடித்தது.
"இருபத்தொம்பது."
அவள் பெருக்குமுன் நாற்பது வாய் பெருக்கியது:
நூத்திப் பதினாறு!

ஏழு ஊக்கு குத்திய சேலை,
கண்ணாடி முன் பழகிய கணீர்க் குரல்,
எல்லாவற்றையும் தாண்டி
ஒரு மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிட்டது.
சிரித்தார்கள். நானும் சிரித்தேனா, நினைவில்லை.
"பயப்படாதீக டீச்சர், நாங்கதான."

அந்தச் சிரிப்புக்குள்தான்
டெல்ஃபின் கையை விடாமல் கேட்டாள்,
எனக்கு மட்டும் கேட்கும்படி.
"கரைக்குத் தூக்கியாந்தப்ப அப்பாவுக்கு நாடி இருந்துச்சுன்னு
சித்தப்பா சொல்லுது.
இல்லவே இல்லைன்னு பெரியப்பா சொல்லுது.
ரெண்டு வீடும் இப்பப் பேசிக்கிறதில்ல.
எது டீச்சர் நெசம்?"

மணி அடித்தது.
நான் பலகையை அழித்தேன். ரொம்ப நேரம் அழித்தேன்.

பதிவேட்டில் இருந்தது:
குரல் போதாது. கரும்பலகைப் பயன்பாடு நன்று.
மாணவர் வினாக்களுக்கு உடனுக்குடன் விடை தரவும்.

ராத்திரி, கல்லூரிப் புத்தகங்களைத் தூசி தட்டினேன்.
எந்தப் பக்கத்திலும் அந்தக் கரை இல்லை.
காலையில் மணி அடிக்குமுன் அவளிடம் போய்ச் சொன்னேன்.
குளிர்ந்துபோன கையில நாடி இருந்தாலும்
வெரலுக்குத் தட்டுப்படாமப் போகலாம்.
ஓடிவந்து பிடிச்சா, நம்ம வெரல்ல துடிக்கிறது
அவுக துடிப்பு மாதிரித் தெரியும்.
ரெண்டு பேருமே பொய் சொல்லியிருக்க மாட்டாக.
எது நெசம்னு எனக்குத் தெரியல டெல்ஃபின்.

"ம்" என்றாள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
பைக்குள் துழாவி நைலான் நூல் எடுத்து
அன்றைய சார்ட்டின் இரண்டு மூலையிலும் ஓட்டை போட்டு
ஜன்னல் கம்பியோடு வலைமுடிச்சுப் போட்டாள்.
காற்று வந்தது. சார்ட்டு உப்பியது, விழவில்லை.

சமச்சீர் உணவு.
தட்டில் சோறு, பருப்பு, கீரை, முட்டை,
நடுவே தம்பி மனசிலிருந்து வரைந்த ஒரு மீன்.
பாறை என்றான் ஒருவன். பாறைக்கு எங்கடா இந்த வாலு?
ஊளி. விளை. போடா, சீலாவுக்கு மூஞ்சி இப்பிடியா இருக்கும்?
பத்து நிமிடம் பாடம் நின்றது.
பேனாவை மூடி வைத்துவிட்டு
அமலோற்பவம் டீச்சரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
எழுந்து வந்து பார்த்தார்.

கடைசியில் ரெமிஜியஸ்தான் தீர்த்துவைத்தான்,
நாற்பத்தெட்டின் நிதானத்தோடு:
"இது முதுகுளத்தூர் மீனு. விடுங்கடா."