திரு தேய்க்க வரவும்

பெட்ரோல் வருவது நின்றபின்
சிரியம் சந்தை மூலையில் மூடிக்கிடந்த பங்க்கை
நாங்கள் எடுத்துக்கொண்டோம்.
பம்ப் இரண்டும் அப்படியே நிற்கின்றன.
ஒன்றில் டியூப்களை மாலை மாலையாகத் தொங்கவிட்டிருக்கிறோம்.
மற்றொன்றின் எண்கள்
யாரோ கடைசியாக வாங்கிய மூன்றேகால் லிட்டரில்
நின்றது நின்றபடி.

செத்த சைக்கிள் ஒன்று கொண்டுவந்தால்
பிழைத்த சைக்கிள் பாதி விலை.
மீதிக்கும் கையில் இல்லையென்றால்
நான்கு ஞாயிறு துரு தேய்க்க வரவும்.
சுவரில் பர்மியிலும் தமிழிலும்
கரிக்கட்டையால் எழுதினான் லூர்துநாதன்.
தமிழில் துருவைத் திரு ஆக்கிவிட்டான்.
யாரும் திருத்தவில்லை.
ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர்
திரு தேய்க்க வருகிறார்கள்.

வருவதெல்லாம் ஜப்பானில் ஓடித் தேய்ந்து
கப்பலேறி இங்கேயும் ஓடித் தேய்ந்தவை.
பின் மட்கார்டில் மஞ்சள் ஸ்டிக்கர்,
ஏதோ பள்ளிக்கூடம், ஏதோ எண்.
மா எய் பியூ அதைச் சுரண்டவிட மாட்டாள்.
"தொலைத்தவள் தேடி வந்தால்?"
கடல் தாண்டியா?
"வந்தால்?"

வரவு செலவு நோட்டு என்னிடம்.
ரிம், போக்ஸ், பெடல், பால்ரஸ்,
யார் தந்தது, யாருக்குப் போனது.

வாசோ மாத மழையில் ஒரு பையன்
கோணியில் கட்டிய இரும்பை இறக்கினான்.
பதினாறு வயதிருக்கும்.
பெயர் கேட்டேன், மழையைப் பார்த்தான்.
பிரித்தேன்.
ஃபோர்க்கின் உட்புறம் மூன்று புள்ளி.
நான் ஆணியால் குத்தியவை.

திலாவா ஆலை வாசல்,
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தபோது
பூட்டு மட்டும் தரையில் கிடந்தது.
இரண்டு வருஷம்.
லாரிக் கூலிக்குப் போனது சம்பளத்தில் பாதி,
பிறகு நடை, பிறகு தாமதம்,
பிறகு வேலையே போனது.
பூட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.
சாவியும்.

இவன்தான் எடுத்தானா,
எடுத்தவனிடம் வாங்கினானா,
சாக்கடையில் கண்டெடுத்தானா, தெரியாது.
கேட்க வாய் திறந்தேன்.
"பாதி விலை தள்ளுபடி" என்று வந்தது.
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.
தந்தவர் என்ற கட்டத்தில்
"ஒரு பையன், மழை" என்று எழுதினேன்.

நான்கு ஞாயிறு வந்தான்.
அந்த ஃபோர்க்கைத்தான் கொடுத்தேன் தேய்க்க.
உப்புத்தாளோடு குனிந்திருந்தவன்
மூன்றாம் ஞாயிறு நிமிர்ந்தான்:
"அக்கா, இது மட்டும் போகவில்லை."
"ஆழமான துரு" என்றேன்.
"இருக்கட்டும், விடு."
விட்டான். ஆனால் அன்று போகும்போது
பெயரைச் சொல்லிவிட்டுப் போனான். அவுங் மோ.
நோட்டில் மழையை அடித்துவிட்டு எழுதினேன்.

இப்போது என் முன் சக்கரம்
பன் ரொட்டிப் பெட்டியோடு காதர் மீராவிடம்.
கேரியர், மருத்துவச்சி டோ தின் நுவேயிடம்;
பிரசவ வீடுகளுக்கெல்லாம் என் கேரியர் போய்விட்டது,
நான் போகாத வீடுகள்.
ஃபோர்க் யாருக்கு என்று
நோட்டைப் பார்த்தால் தெரியும். பார்க்கவில்லை.
நான் ஓட்டுவது மூன்று சைக்கிள் சேர்ந்த ஒன்று.
சீட் யாருடையதோ,
இடது பக்கம் சாய்ந்தே உட்கார்ந்து பழகியவர்.
அந்தப் பள்ளத்தில் என் இடுப்பும் சாயக் கற்றுக்கொண்டது.

இன்று காலை பாலத்தில் எதிர்க்காற்று.
பெடல் கனத்தது.
ஆற்றைப் பார்க்கிற சாக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.
பின்னால் ஒரு மணி.
விளிம்பு உடைந்து
ஒன்றரைச் சத்தம் போடும் மணி.
உலகத்தில் ஒன்றுதான் அப்படி.

கை தானாக என் ஹேண்டில்பாரில்
அதைத் தேடியது.

வலப்பக்கம் ஒதுங்கினேன்.
பச்சை லுங்கிச் சீருடை, கன்னத்தில் தனக்கா,
திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்தாள்.
பள்ளிக்கு நேரமாகியிருக்கும்.