குறிப்பு: தெளிவில்லை

சியாத்துராவில் இருபத்தாறு வருடம்
மலைக்குள்ளிருந்து வரும் கல்லுருளைகளைப் படித்தேன்.
துளைக்கருவி உருவியெடுத்தவை,
மரப்பெட்டிகளில், ஈரம் காயாமல்.
எந்த ஆழத்தில் மாங்கனீசு, எந்த ஆழத்தில் வெறும் மணல்
என்று பென்சிலால் எழுதுவது வேலை.

அதனால்தான்
திபிலிசியில் ஒருக்களித்துப் படுத்த என் இடுப்பெலும்பில்
டாக்டர் மனானா ஊசியைத் திருகியபோது
அந்த நறநறப்பு எனக்குப் புதிதாயில்லை.
"எத்தனை சென்டிமீட்டர் இறங்குவீர்கள்?" என்றேன்.
சிரித்தார்.
உறிஞ்சியபோது ஒன்றும் வரவில்லை,
சிரிப்பும் நின்றது.
ஊற்றுக்கண் தேடுகிறவர் போல
இன்னொரு இடம் பார்த்து இறங்கினார்.
தீக்குச்சி நீளம் ஒரு துண்டு, குப்பிக்குள்.
இத்தனை வெளிறியிருக்கும் என்று நினைக்கவில்லை.

ஹீமோகுளோபின் ஏழு புள்ளி ஒன்பது.
வெள்ளணு இரண்டாயிரத்துச் சொச்சம்.
தட்டணு போன மாதம் ஐம்பத்தெட்டாயிரம்,
இப்போது நாற்பத்தொன்று.
முட்டி இடித்த நினைவே இல்லை,
தொடையில் மட்டும் திராட்சைக் கறை.

என்ன மாத்திரை, எவ்வளவு ஒயின்,
கொடிக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள்,
பல்செட்டுக்கு எந்தப் பசை, யாருக்காவது வீட்டில்?
எல்லாம் சொன்னேன்.
பாதியில் அவர் பேனா வேகம் குறைந்தது.
அந்தக் குறைவை நான் அறிவேன்:
எதுவும் எதோடும் பொருந்தாதபோது
கை தானாகச் செய்வது.

பக்கத்து வீட்டு சியூரி மாதுளைச் சாறு கொண்டுவருகிறாள்,
சிவந்ததெல்லாம் ரத்தமாகும் என்ற கணக்கில்.
ஓத்தார் எதுவும் கேட்பதில்லை.
பல் துலக்கி நான் துப்பியதை
நான் குனிந்து பார்ப்பதற்குள்
குழாயைத் திறந்துவிடுகிறார்.

ஐந்து வாரம் கழித்து மூன்று பக்கம்.
புற்று தென்படவில்லை. இரும்பு போதும்.
பி பன்னிரண்டு போதும். செம்பும் போதும்.
கடைசி வரி:
காரணம் தெளிவில்லை, மூன்று மாதத்தில் மீண்டும் வரவும்.

வேன் ரிக்கோத்தி சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும்
வாய்விட்டுத் திட்டினேன்.
முன்சீட்டுப் பையன் தனக்கென்று நினைத்து
பாட்டைக் குறைத்தான்.

இருட்டு முடியும் முன் அது நினைவுக்கு வந்தது.
இருநூற்றுப் பதினாலாம் பெட்டி,
பத்தொன்பதாவது மீட்டர்.
விரல் அகலத்தில் சாம்பல் கலந்த பச்சைப் பட்டை.
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியது
இதே சொல்.
மூடியை அடித்துவிட்டு
சூடு ஆறுமுன் பீன்ஸ் ரொட்டி தின்னப் போனேன்.
யாரும் திரும்பத் திறக்கவில்லை.
நானும்தான்.

மனானாவும் அன்று சாப்பிடப் போயிருப்பார்.
போகட்டும், பசிக்காதா.

கிட்டங்கிச் சாவி இன்னும் கூப்ராவிடம் இருக்கிறது.
நாளை கேட்க வேண்டும்.
உருப்பெருக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும்.
மேலே போக நாற்பது படி.
நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தால்
போய்விடலாம்.