ஏழு புள்ளி ஏழு

வெளிப்பாளையத்தில் என் வீட்டிலிருந்து
கடல் ஒன்றரைக் கிலோமீட்டர்.
ஆனாலும் என் இருநூறு லிட்டர் கடலை
வாளியில்தான் கரைக்கிறேன்,
பார்சலில் வந்த உப்பைக் கொட்டி.
கடுவையாறு கலக்கும் இடத்தில்
கடலுக்கே தன் உப்பு நிச்சயமில்லை.

வேதாரண்யத்து உப்பு ஆகாதா என்றார் பார்சல் லாரிக்காரர்.
அது சமையலுக்கு அண்ணே,
இது குடித்தனத்துக்கு.

தொட்டியில் மீன் கிடையாது.
ஒரு கொத்து செனியா,
சாம்பல் விரல்கள்
மூடித் திறந்து, மூடித் திறந்து,
டயாலிசிஸ் வார்டில் ஜுலைகா பீவி
கைநரம்பு தடிக்க ரப்பர் பந்தைப் பிசைவதுபோல.
எத்தனை தடவைம்மா என்பார்.
எண்ணாதீங்க, செய்யுங்க.

நான் மட்டும் எண்ணுவேன்.
விளக்கெரிந்து பாசி வயிறு நிறைந்த அந்தியில்
பி.எச். 8.3.
இருட்டில் எல்லாமே மூச்சு விடும்,
அதை உண்ண ஆளில்லை,
விடியலில் 8.0.
அதனால் இரவெல்லாம் சுண்ணாம்புத் தெளிநீர்
காலாவதியான ட்ரிப் செட்டில்,
இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு.
(வெற்றிலைச் சுண்ணாம்பை ஒருமுறை நம்பினேன்.
ஒரு நத்தை போயிற்று.)

கார்த்திகையில் துறைமுகத்தில்
ஐந்தாம் எண் கூண்டு ஏறியது.
புஷ்பவனத்திலிருந்து நாத்தனார் குடும்பம்,
அவர்களோடு பக்கத்து வீடு,
பக்கத்து வீட்டோடு ஒரு தையல் மெஷின்.
பதினொரு பேர்.
ஜன்னலை எல்லாம் அடைத்து
இடுக்கில் பழந்துணி திணித்தோம்.

இரவு இரண்டு மணி. இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்
7.7.
விரல்கள் பாதி மூடி நின்றுவிட்டன.

கை தானாகச் சோடா டப்பாவுக்குப் போனது.
வார்டில் பைகார்பனேட் கலந்துதான்
எனக்குச் சம்பளம்.
போடுமுன் காரத்தைச் சோதித்தேன்.
குறைவே இல்லை.
தண்ணீருக்கு ஒரு நோயும் இல்லை.

காரணம் கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தது.
கலியமூர்த்தி அண்ணன் குறட்டையில்,
வாய் பிளந்து திவாகர்,
பெயர் கேட்க மறந்த அந்தக் கர்ப்பிணி
இரண்டு பேருக்குச் சேர்த்து.
ஒவ்வொரு மூச்சும்
என் கடலில் ஒரு துளி புளி.

ஜன்னலைத் திறந்தால் புயல்.
விருந்தாளியிடம்
கொஞ்சம் மூச்சைக் குறையுங்கள் என்றா சொல்வது?

சுவரில் கேபிள்காரன் போட்ட ஓட்டை ஞாபகம் வந்தது.
செத்த ஒயரை இழுத்துப் போட்டு
ஸ்கிம்மரின் காற்றுக் குழாயைச் செருகினேன்.
கொல்லைக் கதவைத் தோளால் தள்ளிப் போய்
வெளிமுனையைக் கீழ்நோக்கி வளைத்து
பாட்டில் தலை ஒன்றைக் கவிழ்த்துக் கட்டினேன்.
திரும்புவதற்குள் உள்பாவாடை வரை நனைந்திருந்தது.

ஊரையே பிய்த்துக்கொண்டிருந்த காற்று
ஒரு நூல் பருமனில்
சொன்ன பேச்சு கேட்டு உள்ளே வந்தது.
குமிழ் குமிழாக.

நாலரைக்கு 7.8.
தலையைத் துவட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

தூங்கலையா அண்ணி, மீன் எதுவும் செத்துடுச்சா?
மீனே இல்லம்மா.
நாத்தனார் தொட்டியை ஒருமுறை பார்த்தாள்,
என்னை ஒருமுறை பார்த்தாள்,
புரண்டு படுத்தாள்.

ஐந்தேகாலுக்கு 7.9.
ஓரத்தில் ஒரு விரல்
மூடியது.
அது திறப்பதற்குள் உறைத்தது:
பதினொரு பேருக்கு டீ,
வீட்டில் பால் இல்லை.