சீனன் கேட்டது

சந்தை கலையும் நேரம், உசிலம்பட்டியில்.
கருவாட்டுக் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே
கள்ளிப்பெட்டி மேல் ஏறி நிற்கிறார்
மலாய்க்காட்டுக் கங்காணி அங்கண்ணன்.
காலில் பூட்ஸ். வலது பூட்ஸில் வாரில்லை.

"சீனன் இருக்கானே, அவனுக்கு
எவ்வளவு குடுத்தாலும் பத்தாது.
பன்னிக்கறி கேப்பான்.
அவன் வருசப் பொறப்புக்குப் பதினஞ்சு நாள் லீவு கேப்பான்.
தொரை கை ஓங்குனா அவனும் ஓங்குவான்.
அதான் தொரை ஒங்களக் கூப்புடுறாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு, பெருமைபோல.
மூன்று வருடமாய் மழைகூட எட்டிப்பார்க்காத சனம்.
யாரோ கூப்பிடுகிறார்கள் என்றால் இருக்காதா?

நான் கீழே உட்கார்ந்திருந்தேன் மைக்கூட்டோடு.
தலைக்கு அரையணா எனக்கு.
துரையின் கடிதம் என் மடியில்.
அங்கண்ணனுக்கு அதை வாசித்துச் சொன்னவன் நான்தான்.
மாட்டுத்தாவணியில் சுழி பார்த்துப் பல் பார்த்து
எழுதினது போல இரண்டு பத்தி.
சீனன்: உழைப்பாளி, கணக்குத் தெரிந்தவன்,
கூட்டம் சேர்வான், விலை கூடுதல்.
தமிழன்: வேலை மந்தம், காய்ச்சலில் சீக்கிரம் விழுவான்,
ஆனால் அடங்கிக் கிடப்பான்.
அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்
'நல்லவன்' என்று மாற்றிச் சொல்லியிருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல். விருமாயி.
கக்கத்தில் விலைபோகாத கோழி, கால் கட்டியபடி.
"கேட்டான் கேட்டான்ங்கிறீரே,
அந்தச் சீனனுக்கு அது கெடச்சுச்சா?"

கங்காணி சிரித்தார்.
சிரித்து முடித்து என்னைப் பார்த்தார்.
கடிதத்தில் அதற்கும் பதில் இருந்தது,
கையெழுத்துக்கு மேல்வரியில்:
தமிழர் வந்து இறங்கியதும்
சீனர் கூலியைக் குறைத்துவிடலாம்.

பேனாவை மையில் தோய்த்தேன்.
தோய்த்ததையே மறுபடி தோய்த்தேன்.

பொழுது சாய அவளும் வந்து குந்தினாள்.
நாற்பத்தோராவது பெயர்.
பெருவிரலை நான் பிடித்து அழுத்தியபோது
கோழி என் முழங்கையைக் கொத்தியது.
'குணம்' என்றொரு கட்டம் இருந்தது தாளில்.
நாற்பது பேருக்கு எழுதியதையே
அவளுக்கும் எழுதினேன். எழுத்து கோணிப்போயிற்று.

கப்பலில் கோழிக்கு இடமில்லை என்று
கங்காணி கையை நீட்டினார்.
அவள் விடவில்லை.

"வெலையச் சொல்லும்" என்றாள்.