கடைமடை

கத்தரிக்கோலை எடுத்த நேரம்
பதூல் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
அந்த மேசையில் படுத்த எவளும்
என் கையைப் பிடித்ததில்லை.
அம்மாவைக் கூப்பிடுவார்கள், மாரியாத்தாளைக் கூப்பிடுவார்கள்,
புருஷனை அவன் வம்சத்தோடு திட்டுவார்கள்.
இவள் கேட்டாள்:
"என்னத்த வெட்டப் போறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன்.
இருக்க வேண்டியது இல்லாத இடத்தில்
வெளுத்த ஒரு தழும்பு.
ஓர் அரிசி நீளம்கூட வராது.
டாக்டரம்மாவும் பார்த்தார்.
"பிறவியிலேயே இப்படியா?"
"இல்லை" என்றாள்.
வலி வந்து மீதிப் பேச்சை எடுத்துக்கொண்டு போனது.

நான் வெட்டவில்லை. தழும்போரம் தானாகக் கிழிந்தது.
ஐந்து தையல். பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு.
கேஸ் ஷீட்டில் தழும்புக்குக் கட்டமில்லை.

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
பைப்பும் போல்ட்டும் விற்கிற வீட்டு மருமகள்.
ரத்தம் கைவசம் இல்லையென்று
தனியார் ஆஸ்பத்திரி நடுராத்திரி இங்கே தள்ளிவிட்டது.
பேசுவது எங்கள் ஊர்த் தமிழ்தான்.
எண்ணுவது மட்டும் குஜராத்தியில்.

ஏழு வயதில், பரீட்சை லீவில்,
கடல் உள்ள ஒரு பெரிய ஊரில்
செருப்பு வாங்கலாம் வா என்று பெரியத்தை கூட்டிப் போனாளாம்.
செருப்புக்கடை ஏன் மூணாவது மாடியில இருக்கு
என்று கேட்டாளாம் இவள்.
இறங்கும்போது ஐம்பத்து நான்கு படி,
ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து.
இரவு வரை ஒன்றுக்குப் போகாமல் அடக்கினாள்.
போனபோது எரிந்தது.
"இன்னும் எரியும் சிஸ்டர், மாசத்துல நாலு நாள்.
தண்ணி நிறைய குடின்னு சொல்லாத டாக்டர் இல்ல."
செருப்பையும் வாங்கித்தான் கொடுத்தார்களாம். சிவப்பு.
"பொய் சொல்லல பாருங்க" என்று சிரித்தாள்.

நான் எதுவும் கேட்கவில்லை.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அவளே சொன்னாள்:
"அவர் நல்லவர்தான்.
ஆனா அங்க எதுவும் வந்து சேர்றதில்ல."

எனக்குத் தலைஞாயிறு பக்கம்.
வந்து சேராதது என்றால் என்னவென்று
யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.
மேட்டூர் திறந்தாச்சென்று பேப்பரில் போடுவார்கள்,
பூத்தூவுகிற படத்தோடு.
இருபது நாள் கழித்தும் எங்கள் வாய்க்காலில்
நண்டு வளை வாய்பிளந்து கிடக்கும்.
ஆனாலும் எங்களுக்கு ஒரு ஷட்டர் உண்டு,
திறக்கச் சொல்லித் திட்ட ஒரு லஸ்கர் உண்டு,
மறித்து உட்கார மெயின் ரோடு உண்டு.
இவள் எந்த ரோட்டில் போய் உட்காருவாள்?

"பெரியத்தை மேல கோவமில்லையா?"
"அவங்களும் ஒருநாள் செருப்பு வாங்கப் போனவங்கதானே."

டிஸ்சார்ஜ் அன்று
மாமியார் ஆட்டோ பார்க்கப் போன சமயம்
ஒரு சீட்டு கேட்டாள்.
"இவளுக்கு ரத்தம் சட்டுனு உறையாதுன்னு எழுதிக் கொடுங்க.
ஏழு வயசுல காட்டணும்."

குழந்தைக்கு ரத்தம் நன்றாகவே உறைகிறது.
குதிகாலில் குத்தியது நான்தான்.

நான் எழுதாத பொய்யா?
டார்கெட் மாதத்தில், சம்மதம் என்ற கட்டத்தில்,
எத்தனை பேருக்கு நானே டிக் போட்டிருக்கிறேன்.
காப்பர் டி உள்ளே இருப்பது தெரியாமலே
மஞ்சப்பையோடு பஸ் ஏறிப் போனவர்கள்.
அதெல்லாம் தங்குதடையில்லாமல் வந்தது.
இதற்குப் பேனா நின்றது.

"போலீஸில் சொல்லலாமே" என்றார் டாக்டரம்மா.
"எங்க அம்மா வீடு கடைக்கு எதிர்லயேதான், டாக்டர்."

மருந்துச் சீட்டின் பின்னால் என் நம்பரை எழ்தினேன் —
எழுத்துகூடத் தடுமாறியது, அடித்துத் திருத்தினேன்.
அவள் கேட்டது அது இல்லை.
நாலாய் மடித்து, குழந்தையின் துணிக்குள் செருகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வலங்கைமானிலிருந்து தலைப்பிரசவம்.
பெயர் தையல்நாயகி. வயது இருபத்தொன்று.
தலை தெரிந்தது. கத்தரிக்கோல் கையில்.
"கொஞ்சம் வெட்டணும்போல இருக்கு. வெட்டட்டுமா?"

வலியை விட்டுவிட்டு
என் முகத்தைப் பயத்தோடு பார்த்தாள்:
"ஏன் சிஸ்டர் கேக்குறீங்க?
எனக்கு எதாவது ஆயிடுச்சா?"